பச்சை டீக்கு ஒரு பொய்ச்சாட்சி

பச்சை டீ பச்சையாக இருக்காது. இதை ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஹஸீபாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கழுத்தில் எண்ணெய் மினுமினுக்கக் கடை முன்னால் வந்து நிற்பார்கள். அவள் காகித டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மஞ்சளா இருக்கு? கலப்படமா?" என்பார்கள். முகத்துக்கு நேரே இப்படிக் கேட்க எப்படித்தான் வாய் வருமோ. ஆனால் ஹஸீபாவுக்குக் கோபம் வராது. வந்தாலும் சிரிப்பில் முடித்துவிடுவாள்.

"பச்ச மொளகாயும் பச்சத் தண்ணியும் ஒரே நெறத்துலயா இருக்கு, அண்ணாச்சி?"

அதற்குப் பிறகு அவர் வாங்காமல் போகமாட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தாவரவியல் படித்தவள். படித்த படிப்பு இத்தனை வருஷம் அடுப்படியில் ஊறுகாய் போட்டுக் கிடந்தது. புருஷன் யாசர் வளைகுடா வேலை முடிந்து ஊரோடு வந்து, ஐந்தருவியில் சீசனுக்குக் கடை பிடித்ததும் அது வெளியே வந்தது. ஏலக்காய், மிளகு, மலைத்தேன் என்று எல்லாக் கடையிலும் இருப்பதுதான் அங்கேயும் இருந்தது. பச்சைத் தேயிலை மட்டும் அவர்களுடைய தனிச்சரக்கு. ஆரியங்காவு தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் சின்னத் தோட்டக்காரர் ஒருவர் வறுத்துக் கொடுப்பார். யாசர் போய் வாங்கி வருவான். தென்காசிப் பக்கத்துக் குத்துக்கல்வலசை வீட்டில் உட்கார்ந்து பொட்டலம் போடுவது ஹஸீபா.

"இது ஏதோ மூலிகைன்னு நெனைக்காதீங்க" என்று ஆரம்பிப்பாள். "நீங்க வீட்டுல குடிக்க டீத்தூள் எந்தச் செடியோ, அதே செடிதான். கிள்ளுன எலைய வாட விட்டு, கசக்கி, காத்துல போட்டா கறுத்துப் போவும். அதுதான் நம்ம கறுப்பு டீத்தூளு. கிள்ளுன கையோட சூடு காட்டிட்டா கறுக்காது. அறுத்துப் போட்ட வாழக்கா கறுக்கும்லா? அதே கதைதான். சீனாக்காரன் சட்டியில வறுப்பான், ஜப்பான்காரன் ஆவியில காட்டுவான்."

யாராவது படித்தவர்கள், சீனாவில் ஒரு ராஜா குடித்த வெந்நீரில் இலை விழுந்துதானே இது பிறந்தது என்று கேட்டால், அதற்கும் பதில் வைத்திருப்பாள். "ராசா கதையெல்லாம் அப்படித்தான் சார். வேலைக்காரி கண்டுபிடிச்சிருப்பா, ராசா பேரு வாங்கிருப்பாரு."

அந்த வாய்தான் அவளுடைய சொத்து. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டிவிடுவாள். மீன்காரி இழுத்துப் பேசுவது, மாமியார் மூக்கால் முனகுவது, பேங்கில் இருக்கிற தம்பி எச்சிலை விழுங்கிவிட்டுப் பேசுவது, எல்லாம் அச்சு அசலாக வரும். அந்தக் கச்சேரிக்கு ரொம்ப வருஷம் ஒரே ஒரு ரசிகன்தான். அவன் சவூதியில், தம்மாமில் இருந்தான்.

யாசர் அங்கே இருந்த காலம் முழுக்க அவர்கள் குடும்பம் நடத்தியது வாட்ஸ்அப் குரல்பதிவில்தான். இவள் விழித்திருக்கும் நேரம் அவனுக்கு வேலை. அவன் ஓயும் நேரம் இவளுக்குத் தூக்கம். நேராகப் பேசிக்கொள்ள வாய்க்காது. அதனால் இவள் அன்றாடம் நடந்ததை எல்லாம் பேசி அனுப்பிவிடுவாள். அவன் அறையில் படுத்துக்கொண்டு கேட்டுச் சிரிப்பான். "ஒன் வாய்ஸக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்று பதில் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பல் வலித்தது, தனியாகப் படுக்கப் பயமாக இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத ஆத்திரம், எல்லாமே அந்தப் போனுக்குள் போனவைதான். குத்துக்கல்வலசையில் பாதி வீடுகளில் கல்யாண வாழ்க்கை அப்படித்தான் போனுக்குள் நடக்கிறது. புருஷன் திரும்பி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அவன் கடையில், இவள் வீட்டில் என்றாலும் பதிவு போகும். அவன் முன்னறையில், இவள் அடுப்படியில் என்றாலும் சில நாள் போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது வாட்ஸ்அப் பழக்கம், எதுவரைக்குமோ.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் யாசர் ஒரு யோசனை சொன்னான்.

"நீ கடையில சொல்லுதியே, அத அப்படியே ஒரு ஆடியோவாப் பேசு ஹஸீ. நம்பர் குடுத்துட்டுப் போன கஸ்டமருக்கெல்லாம் அனுப்புவோம். ஊரு ஊருக்குப் போவும்."

அவள் ஆசையோடு பேசினாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றாதீர்கள், கசக்கும். பால் விடாதீர்கள். சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள், சோற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம். கடைசியாக இதையும் சொன்னாள்: "இது மருந்து இல்ல. சர்க்கரைக்கு மாத்திர சாப்பிடுதவங்க மாத்திரைய விட்டுராதீங்க. இது டீ. நல்ல டீ. அவ்வளவுதான்."

கேட்டுவிட்டு யாசர் முகம் சுருங்கியது. "கடேசில இதச் சொன்னா எவன் வாங்குவான்? பக்கத்துக் கடைக்காரன் கேன்சருக்கே மருந்துன்னு போர்டு வச்சிருக்கான்."

"அவன் வச்சா அது அவன் பாடு. நெசத்தக் கேட்டு வாங்குதவன் வாங்கட்டும் மச்சான்."

அவன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். பாவி, அந்த ஒரு வழக்கம் போதுமே குடியைக் கெடுக்க.

அடுத்த வாரம் அவன் தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள் அவள்தான் கடையில் நின்றாள். கோவில்பட்டிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி வந்து, தான் மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாள். ஹஸீபா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்த அம்மாள் போனதும் வழக்கம்போல் போனை எடுத்து, அவளைப் போலவே பேசி அனுப்பினாள்.

"மச்சான், இன்னைக்கு ஒரு அம்மா வந்தாவ. என்ன சொல்லுதாவ தெரியுமா? 'நான் ஒரு மாசமா பச்ச டீதான் குடிக்கேன். மாத்திரைய நிறுத்திட்டேன். சுகரு தன்னால எறங்கிட்டு. டாக்டரே அசந்து போயிட்டாரு!' எனக்கு வயித்தக் கலக்கிட்டு மச்சான். இன்னைக்கே மாத்திரையப் போடுங்கம்மான்னு கையப் புடிச்சுக் கெஞ்சி அனுப்பிருக்கேன்."

யாசரிடமிருந்து சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. அவள் அதை அத்தோடு மறந்துவிட்டாள்.

ஆடியில் கூட்டம் அள்ளியது. அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்ட நாளில்கூடச் சனம் வண்டியைத் திருப்பாமல் இவர்கள் கடையைத் தேடி வந்தது. ஹஸீபா வாயைத் திறந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கதான அது? ஒங்க கொரலக் கேட்டுத்தான் வந்தோம்" என்றார்கள். அவள் பேசிய அந்த நல்ல ஆடியோதான் ஊர் ஊராகப் போகிறது என்று நினைத்தாள். உள்ளதைச் சொன்னாலும் வாங்க ஆள் இருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. யாசரிடம் அதைச் சொல்லியும் காட்டினாள். அவன் ரோட்டில் போன பழக்கூடைக்காரனைக் கூப்பிடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒரு குறை மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சரியாகப் பேசவில்லை.

ஆவுடைத்தாய் புருஷன் பட்டாளத்தில் இருந்தவர். அவர் எல்லையில், ஹஸீபாவின் புருஷன் பாலைவனத்தில் என்று இரண்டு பெண்களும் ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள். ஹஸீபா அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். மகள் சஃப்ரின் பிறக்கிற நேரத்தில் பனிக்குடம் உடைந்து கிடந்தவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் ஆவுடைத்தாய்தான். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கமிருந்து போகும், பொங்கல் அந்தப் பக்கமிருந்து வரும். அப்படிப்பட்டவள் இப்போது சுவரோரம் ஹஸீபா தலையைக் கண்டால், துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். "என்ன மதினி, கோவமா?" என்று ஒரு நாள் கேட்டதற்கு, "எனக்கென்னட்டி கோவம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சீசன் முடியட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று ஹஸீபா விட்டுவிட்டாள்.

அந்தப் பேச்சு ஆஸ்பத்திரியில்தான் நடந்தது.

ஆவுடைத்தாயின் மகள் நிர்மலாதேவி தென்காசியில் போலீஸ். அவள்தான் போன் செய்தாள். அம்மாவுக்குக் காலில் கல் இடித்த புண், ஆறவே இல்லை, விரல் கறுத்துவிட்டது, சர்க்கரை எங்கேயோ போய் நிற்கிறது என்றாள். ஹஸீபா பொட்டலங்களை அப்படியே போட்டுவிட்டு, பிளாஸ்கில் கஞ்சியோடு ஓடினாள். டூட்டியிலிருந்து வந்த காக்கி உடுப்போடு நிர்மலா கட்டிலோரம் நின்றிருந்தாள். ஆவுடைத்தாயின் இடதுகாலில் பெரிய கட்டு. நாளை இரண்டு விரல்களை எடுக்கப்போகிறார்கள்.

"யா அல்லா! மாத்திரைய ஒழுங்காப் போட்டியளா மதினி?"

ஆவுடைத்தாய் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "நீ போட்டியா?"

"நான் எதுக்குப் போட?"

"அதான. நீ நிறுத்துன. நானும் நிறுத்துனேன்."

ஹஸீபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாளோ என்று நெற்றியைத் தொடப் போனாள். ஆவுடைத்தாய் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒனக்குச் சுகர் வந்தத எங்கிட்டச் சொல்லல. ஊருல உள்ளவளுக்கெல்லாம் போன்ல சொல்லுத. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல ஒனக்கு வாய் வரலயாக்கும். சரி, நாமளாப் போய்க் கேக்கப்பிடாதுன்னு இருந்துட்டேன். ஆனா நீ சொன்னா அதுல பொய் இருக்காதுன்னுதான் குடிச்சேன். டாக்டர் சொன்னாக்கூட ஒரு தடவ யோசிப்பேன் ஹஸீபா. நீ சொன்னதுக்கு நான் யோசிக்கல."

நிர்மலா தன் போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டாள்.

நான் ஒரு மாசமா பச்ச டீதான் குடிக்கேன். மாத்திரைய நிறுத்திட்டேன். சுகரு தன்னால எறங்கிட்டு. டாக்டரே அசந்து போயிட்டாரு!

ஹஸீபாவின் குரல். சந்தேகமே இல்லை. கோவில்பட்டி அம்மாளின் இழுப்பு கொஞ்சம் இருந்தது, அது இவளுக்குத்தான் தெரியும். "இன்னைக்கு ஒரு அம்மா வந்தாவ" என்பதைக் காணோம். வயிற்றைக் கலக்கியதைக் காணோம். கெஞ்சி அனுப்பியதைக் காணோம். முன்னும் பின்னும் ஒட்ட வெட்டிவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் எடுத்திருந்தார்கள். கீழே, 'பயன் பெற்ற சகோதரி சொல்வதைக் கேளுங்கள்' என்ற வரி. அதற்குக் கீழே அவர்கள் கடையின் பெயர்.

அந்தப் பதிவு இந்த உலகத்தில் ஒரே ஒரு போனுக்குத்தான் போயிருந்தது.

ஹஸீபா பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடையில் அவள் கையைப் பிடித்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது இதைத்தான். இவள் உச்சி குளிர்ந்து நின்றது இதற்குத்தான். நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது நம்பும்படியாக இல்லை என்று தெரிந்தது. நான் வேறொருத்தியைப் போலப் பேசினேன், என் புருஷன் அதை வெட்டி ஊருக்கு அனுப்பிவிட்டான். யார் நம்புவார்கள்? நிர்மலா போலீஸ் கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாசர் சாயங்காலம் கடையடைத்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் முற்றத்திலேயே வைத்துக் கேட்டாள். மறுப்பான் என்றுதான் எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால்கூட நம்பிப் பார்த்திருப்பாள், அவ்வளவு ஆசை அவளுக்கு. அவன் மறுக்கவில்லை.

"ஆமா, போட்டேன். அதுக்கு இப்ப என்ன? அதுல நான் ஒரு வார்த்த சேக்கல. எல்லாம் ஒன் வாயில வந்ததுதான். கொஞ்சம் வெட்டத்தான் செஞ்சேன்."

"மதினிக்கு நாளைக்கு வெரல எடுக்காவ."

அவன் கை ஒரு நிமிஷம் குழாயடியில் அப்படியே நின்றது. பிறகு துண்டை எடுத்துத் துடைத்தான். "ஒரு டீயக் குடிச்சிட்டு எவளாவது மாத்திரைய விடுவாளா? புத்தி வேண்டாம்?"

"புத்தி இருக்கு. என்னைய நம்புனா. அதான் தப்பு."

"இங்க பாரு ஹஸீ. வெறுங்கையோட வந்து எறங்குனவன் நான். இந்த ஊருல எவன் என்னைய மதிச்சான்? இந்தச் சீசன்லதான் நிமிந்து நிக்கேன். ஒன் நல்ல ஆடியோவ மொதல்ல அனுப்பத்தான் செஞ்சேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இத அனுப்புன மறுநாளு போன் ஓயல."

"எல்லாருக்கும் உள்ளதச் சொல்லி அனுப்புங்க மச்சான். இப்பமே. நான் பேசித் தாரேன்."

"சீசன் முடியட்டும்."

"அதுக்குள்ள இன்னும் எத்தன பேரு காலு போவணும்?"

அவன் உள்ளே போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கை பழகிப்போயிருந்தது. அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷமாக அவனுக்கு அனுப்பியதெல்லாம் மனசில் ஓடியது. தன் பயத்தை, அழுகையை, மாமியாரைப் பற்றிச் சொன்ன கேலியை, வெட்கத்தைவிட்டுப் பேசிய பேச்சை எல்லாம் இவன் என்ன நினைப்போடு கேட்டிருப்பான்? இது எதற்காவது ஆகும் என்று அப்போதே எடுத்து வைத்திருப்பானோ? இல்லை, அப்போது சிரித்தது உண்மைச் சிரிப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆவுடைத்தாய் தன்னை நம்பவேண்டும். இன்னொருத்தி தன் குரலைக் கேட்டுக் காலைக் கொடுத்துவிடக்கூடாது. அவளுக்கு இப்போது வேண்டியது இது இரண்டும்தான். அவள் வாசலில் போய் உட்கார்ந்து, யாரைப் போலவும் பேசாமல் தன்னைப் போலவே பேசினாள். "நான் ஹஸீபா. குத்துக்கல்வலசை. எனக்குச் சர்க்கர கெடையாது. நான் எந்த மாத்திரையும் நிறுத்தல. அந்த ஆடியோவுல இருக்கது வெட்டுன பேச்சு. பச்ச டீக்குச் சர்க்கரைய ஆத்துத சக்தி கெடையாது. தயவு செஞ்சு மாத்திரையப் போடுங்க." தன்னிடம் இருந்த எல்லா எண்ணுக்கும் அனுப்பினாள். நிர்மலாவுக்கும் அனுப்பி, அந்தப் பொய் போன குழுக்களில் எல்லாம் போடச் சொன்னாள். நிர்மலா போட்டாள்.

மறுநாள் ஆப்பரேஷன் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் ஹஸீபா போனபோது நிர்மலா அவளை வராண்டாவிலேயே நிறுத்தினாள்.

"அத்த, இதப் பாருங்க."

ஹஸீபாவின் ஆடியோவுக்குக் கீழே, எல்லாக் குழுவிலும், ஒரே செய்தி ஒட்டியிருந்தது. 'இது என் மனைவி குரல் இல்லை. எங்கள் வியாபார வளர்ச்சி பொறுக்காத யாரோ ஏஐ-யில் செய்த போலி ஆடியோ. யாரும் நம்ப வேண்டாம். இப்படிக்கு யாசர்.' அதற்குக் கீழே சனங்கள் கும்பிடு போட்டிருந்தார்கள். காலம் கெட்டுப்போச்சு என்று ஒருவர். நானும் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டேன், மிஷின் குரல் என்று இன்னொருவர். இரண்டு பொட்டலம் அனுப்புங்கள் என்று வேறொருவர்.

அவள் மூன்று தடவை படித்தாள். குரலை வெட்டினது பேராசை என்று வைத்துக்கொள்ளலாம், பயம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. பொய்யை அவள் குரலில் விற்றவன், அவள் உண்மை பேசினதும் அது அவள் குரலே இல்லை என்கிறான். யாசர் இல்லாத வருஷங்களிலெல்லாம் அவள் தனியாக இருந்ததாக நினைத்ததில்லை. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபோது நினைத்தாள்.

"எத நம்பச் சொல்லுதிய அத்த? மொதல்ல வந்ததும் ஒங்க கொரலு. பொறவு வந்ததும் ஒங்க கொரலு" என்றாள் நிர்மலா. "ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

"தாரேன். மதினியப் பாத்துட்டு வாரேன்."

ஆவுடைத்தாய் தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. ஹஸீபா கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போனெல்லாம் கெடக்கட்டும். என் மொகத்தப் பாத்துக் கேளுங்க மதினி. நான் ஒங்களுக்குக் கெடுதல் செய்வனா?"

ஆவுடைத்தாய் நிறைய நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. ஆனால் பழைய நெருக்கமும் இல்லை.

"நீ செய்யமாட்டன்னுதான் நெனைக்கேன்" என்றாள். "ஆனா நீயும் ஒன் புருசனும் ஒரே பானச் சோத்தத்தான திங்கிய? கடையில நீயும்தான நின்ன? எனக்கு என்ன தெரியும், சொல்லு." மெல்லக் கையை இழுத்துக்கொண்டாள்.

ஹஸீபா அழவில்லை. நிர்மலா கொடுத்த தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த குற்றாலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவி ரோட்டில் கார்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. சாரல் தூறிக்கொண்டிருந்தது. யாசர் கடை முன்னால் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. ஹஸீபா உள்ளே போகவில்லை. வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கத்தில், அவர்களோடு ஒருத்தியாக நின்றாள். யாசர் அவளைப் பார்த்தான். பார்வையை உடனே தராசுக்குக் கொண்டுபோனான்.

"அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு நிமிசம்" என்று அவள் குரலை உயர்த்தினாள். "இந்த டீயக் குடிச்சா சர்க்கர கொறையும்னு கேள்விப்பட்டு வந்திருந்தியன்னா, அது பொய்யி. மாத்திரைய நிறுத்திராதீங்க. என் பக்கத்து வீட்டுக்காரி நிறுத்துனா. நேத்துதான் அவளுக்கு ரெண்டு வெரல எடுத்துட்டாவ."

கை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை மடக்கினார்கள். மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர், தோளில் ஈரத்துண்டும் பக்கத்தில் மனைவியுமாக நின்றவர், யாசரைப் பார்த்துக் கேட்டார். "யாருங்க இந்தம்மா?"

யாசர் பொட்டலத்தின் வாயை மடக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"யாருன்னு தெரியல சார். சீசன் டயத்துல இப்படி நாலு பேரு வரத்தான் செய்வாவ. நீங்க வாங்க."

சொல்லிவிட்டான். கூட்டத்தில், நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்காமல் சொல்லிவிட்டான். ஹஸீபாவுக்குக் காதுக்குள் அருவி இரைச்சல் மட்டும் கேட்டது. அவனுக்காகக் காத்திருந்த வருஷங்களெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடித்துக்கொண்டு போயின. இனி இதற்கு மேல் இழக்க ஒன்றும் இல்லை.

"ஆமா சார், அவருக்கு என்னையத் தெரியாது" என்றாள். "நான் சொல்லுதத மட்டும் கேட்டுக்கிடுங்க. இது டீ. நல்ல டீ. நோய்க்கு மருந்து கெடையாது."

மதுரைக்காரரின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் முழங்கையைப் பிடித்தாள். "ஏங்க, இது அந்த ஆடியோவுல பேசுன அம்மா குரல்ல? அதேதாங்க! எத்தனை தடவை கேட்டேன், எனக்குத் தெரியாதா?" பிறகு ஹஸீபாவிடம், கொஞ்சம் பயத்தோடு, "நீங்கதானே அக்கா அது? அப்ப நீங்க மாத்திரையை நிறுத்தலையா?" என்றாள்.

"எனக்குச் சர்க்கரையே கெடையாதும்மா. இன்னொருத்தி சொன்னத நான் சொல்லிக் காட்டுனது அது. முன்னால பின்னால உள்ளத வெட்டிட்டாவ. நீ நிறுத்திட்டியா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். "அம்மாவுக்கு. பத்து நாளாச்சு."

"இப்பமே போன் போடும்மா. இன்னைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இங்கன நின்னே பேசு, நான் நிக்கேன்."

அவள் போனை எடுத்தாள். அவள் கணவர் வாங்கிய பையைப் பலகைமேல் திருப்பி வைத்தார். அடுத்து நின்றவரும் வைத்தார். எல்லோரும் இப்போது யாசரைப் பார்த்தார்கள். தெரியாத பெண்ணின் குரல் அவன் கடைப்பேரோடு தங்கள் போனுக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்கும் கேள்வி வந்திருக்கும்.

யாசர் பலகைக்கு வெளியே வந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், தம்மாமிலிருந்து பேசும்போது கூப்பிடுகிற அதே குழைவோடு, "ஹஸீ, போதும். வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடுவோம்" என்றான்.

ஹஸீபா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"முன்னப் பின்ன தெரியாத பொம்பளைய இப்படியா வீட்டுக்குக் கூப்பிடுவிய, அண்ணாச்சி?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு வரிசையில் அடுத்து நின்றவரிடம் திரும்பி, மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேட்டாள்.